வெண்ணெய் சேர்க்காத ஓடு

பேரிமேடு என்று ஒரு மலையூர் இருந்தது, இப்போதும் இருக்கிறது, பஸ் போகிற ஊர்தான். அங்கே வெயிலைவிட மூட்டம் அதிகம், மூட்டத்தைவிடப் பேரிக்காய் அதிகம், பேரிக்காயைவிட அதைப் ‘பை’ என்கிற பலகாரமாக்கித் தின்கிற ஆசை அதிகம். எந்தக் காலத்திலோ பள்ளிக்கூடம் நடத்திவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள் சமையல்கட்டில் விட்டுப்போன வழக்கம் அது என்பார்கள். மைதாவை வெண்ணெய் போட்டுப் பிசைந்து, தேய்த்து, வட்டத் தட்டில் ஓடு மாதிரிப் பரப்பி, உள்ளே பேரிக்காயும் பட்டையும் வெல்லமும் நிரப்பி, மேலே இன்னோர் ஓட்டால் மூடி, கேஸ் அடுப்பின் மேல் தகர ஓவனை ஏற்றி அதற்குள் வைத்து எடுக்கிற அந்தப் பண்டம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வருகிறவர்களைத் தெருமுனையிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடும்.

அந்த ஊரில் பால் வண்டி ஓட்டிய அருளப்பனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. டாக்டர் அவரை உட்கார வைத்து, நீங்கள் தின்னவேண்டிய வெண்ணெயையும் டால்டாவையும் தின்று முடித்துவிட்டீர்கள், இனி உங்கள் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லி அனுப்பினார். அருளப்பன் பீடியை விட்டார், ஆட்டுக்கறியை விட்டார், பையை மட்டும் விடமுடியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த வீட்டு வாசனையை முகர்ந்துகொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவருடைய மனைவி சலேத்தம்மாள், ஸ்வெட்டர் பின்னி விற்பவள், வெண்ணெய் சேர்க்காமல் ஓடு செய்வது என்று இறங்கினாள்.

பாதி மைதா, பாதி கோதுமை மாவு. வெண்ணெய்க்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த தயிர். ஒரே ஒரு கரண்டி எண்ணெய். விடியற்காலைக் குழாயில் வருகிற, விரலைக் கடிக்கிற குளிர்ந்த தண்ணீர். தேய்த்தாள், மடித்தாள், ஈரத்துணி போர்த்தி ஊறவைத்தாள், மறுபடி தேய்த்தாள். ஓவனிலிருந்து வந்தது ஓடு இல்லை, பலகை. அடுத்த ஞாயிறும் பலகை. தயிரைக் கூட்டினாள், குறைத்தாள், முட்டையின் வெள்ளையைத் தடவினாள், ஜெபம் சொல்லிக்கொண்டே பிசைந்தாள், பலகைதான். ஏனென்றால் வெண்ணெய் என்பது ருசிக்காக மட்டும் இருக்கிற சாமான் இல்லை. மாவின் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கோடு போய் ஒட்டிக்கொள்ளாதபடி நடுவில் நிற்கிற ஆள் அது. அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டால் அடுக்கெல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கல்லாகிவிடும்.

"பல்லு பத்திரம்ங்க," என்பாள் சலேத்தம்மாள்.

"டாக்டரு நெஞ்சத்தான பாத்துக்கச் சொன்னாரு, பல்லப் பத்தி ஒண்ணும் சொல்லலியே," என்று அருளப்பன் கடைசித் துண்டுவரை கடித்துத் தின்பார். அவள் வாராவாரம் மன்னிப்புக் கேட்பாள். அவர் வாராவாரம் இன்னொரு துண்டு கேட்பார். இப்படி அவர்களுக்கு நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

பிறகு ஒரு மழைக்காலத்தில், வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அருளப்பன் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், சலேத்தம்மாள் அதே மாவை அதே தயிரில் பிசைந்தாள். ஓவனைத் திறந்தபோது மேல் ஓடு விரற்கடை உயரம் எழும்பி நின்றது. கத்தியை வைத்தாள். ஓடு இலை இலையாக உதிர்ந்தது. ஒவ்வோர் இலையும் பூச்சிச் சிறகு மாதிரி மெலிந்து, பொன்னிறமாகத் தட்டெல்லாம் பறந்தது. அது உதிர்ந்த சத்தம் இருக்கிறதே, அது தைல மரத்துச் சருகு கிடக்கிற பாதையில் ரப்பர் செருப்புப் போட்ட ஒருவர் வேலை முடிந்து ஏறிவருகிற சத்தம். சலேத்தம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசல் கேட்டைப் பார்த்தாள். அங்கே மூட்டம் நின்றது. மறுபடி ஓட்டில் கத்தியை வைத்தாள். மறுபடி அந்த நடை.

அன்று முதல் அவளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடிந்தது.

அடுத்த வீட்டுக்காரி ஒரு துண்டு தின்றுபார்த்தாள், தெருவுக்குச் சொன்னாள், தெரு ஊருக்குச் சொன்னது. நெஞ்சடைப்புக்காரர்களும் கொழுப்புக்காரர்களும் மூட்டத்துக்குள் கம்பளியோடு வரிசையில் நின்றார்கள். டாக்டரே வந்து ஒரு துண்டைக் காகிதத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். எண்ணெய்க் கறை இல்லை. அப்படியா, நல்லது என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டு போனார். சலேத்தம்மாள் எதையும் ஒளிக்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் செய்முறையைச் சொன்னாள். ஊரே தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டது. ஊரே பலகையைத் தின்றது. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளில் மட்டும் ஓடு எழும்பி உதிர்ந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் ஷகிலா பானு. அவள் புருஷனுக்குச் சவூதியில், தமாமில் வேலை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் லீவுல வந்தாரு, ஓடு கல்லாப் போச்சு. பிளைட் ஏத்திவிட்டுட்டு வந்து போட்டேன், பூவா உதிருது. நடுவுல நிக்கிறதுக்கு ஆள் வேணும்க்கா. வெண்ணெய் இல்லாத எடத்துல தனிமை வந்து நிக்குது, வேற ஒண்ணுமில்ல."

"அது சரி," என்றார்கள் குடம் பிடித்த பெண்கள், குழாயில் தண்ணீர் எப்போது நிற்கும் என்று யாரோ சொல்லக் கேட்டது மாதிரி. யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை.

சலேத்தம்மாள் மட்டும் குடத்தைப் பாதி நிரம்பினபடியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்படியானால் அவர் கடித்துக் கடித்துத் தின்ற பலகையெல்லாம், நான் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்ட கல்லெல்லாம், இரண்டு பேர் இருந்ததால் வந்த கல்லா என்று அடுப்படியில் நின்று யோசித்தாள். அதைச் சொல்லவேண்டிய ஆள் இப்போது இல்லை, அவர் பக்கம் போக அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி அந்த உதிர்கிற சத்தம்தான்.

ஊர் அதன் பிறகு தன் வழக்கங்களை மாற்றிக்கொண்டது. கல்யாணம் பேசப் போகிறவர்கள் காப்பிக்கு முன்னால் பை கேட்டார்கள். எங்கள் வீட்டு ஓட்டை அரிவாளால்கூட வெட்டமுடியாது என்று சம்பந்தி வீட்டார் பெருமை பேசினார்கள். ஓடு உதிர்கிற வீட்டு மருமகள்கள் கூடத்துக்குக் கொண்டுவரும் முன் அதன் மேல் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அமுக்கி, கட்டையாக்கிக் கொண்டுவந்தார்கள். தனியாக இருக்கிறவர்களுக்கு ஊரில் முன்பு இல்லாத மரியாதை வந்தது. அந்த மரியாதை எப்படிப்பட்டதென்றால், யாரும் அவர்கள் வீட்டுக்குள் வருவதில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று பையை வாங்குவார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், "ஐயையோ, வேணாம்மா, ஓடு கெட்டுப் போயிரும்," என்று இரண்டடி பின்னால் போவார்கள். காய்ச்சல் என்றால் மாத்திரையை மதில்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். பேரிமேட்டில் தனியாக இருந்தவர்களை அத்தனை அக்கறையோடு தனியாகவே வைத்திருந்தார்கள்.

சலேத்தம்மாளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து தங்கை வந்து கூட இருக்கிறேன் என்றபோது, குளிர் உனக்கு ஆகாது என்று பஸ் ஏற்றிவிட்டாள். பூனை வந்தது, விரட்டினாள். ரேடியோவைக்கூட அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டாள். யாராவது ஒருவர் உள்ளே வந்துவிட்டால், ஓடு இறுகிவிட்டால், செருப்புச் சத்தம் நின்றுவிடும். நின்றால் அவர் இரண்டாம் முறை போனது மாதிரி. அதை அவள் தாங்கமாட்டாள்.

இப்படியிருக்கையில் மாதா கோயில் திருவிழாவுக்கு ஆயர், பிஷப் என்பார்களே அவர், வருவதாக ஏற்பாடாயிற்று. ஆயருக்குப் போன வருஷம்தான் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். வெண்ணெய் ஆகாது, ஆனால் பை என்றால் உயிர். கமிட்டித் தலைவர் மிக்கேல்ராஜ் யோசித்தார், யோசித்து ஞாயிறு பூசை முடிவில் மைக்கைப் பிடித்தார். "விருந்துக்கு எல்லாருக்கும் உதிர்ற ஓடு வேணும். யார் யார் வீட்டுல ஓடு உதிருதோ, தயவுசெய்து எந்திரிச்சு நிக்கவும்."

யார் எழுந்திருப்பார்கள்? எல்லோரும் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீடத்தருகே உட்கார்ந்திருந்த ஃபாதர் அமலதாஸ் மெல்ல எழுந்து, "குசினியில நானே செஞ்சு பாத்தேன். நல்லாத்தான் உதிருது," என்றார். தன் பாதிரியார் தனியாகத்தான் சாப்பிடுகிறார் என்பது அப்போதுதான் பேரிமேட்டுக்குத் தோன்றியது. அடுத்து சலேத்தம்மாள் எழுந்தாள். காட்டிலாகாவில் ஓய்வுபெற்ற ஒரு ரேஞ்சர் எழுந்தார். அப்புறம், பந்தி போட்ட மாதிரிக் குடும்பமே இரண்டு பெஞ்சை அடைத்து உட்கார்ந்திருந்த இடத்தில், நடுவிலிருந்து ஜெசிந்தா எழுந்தாள். அவளுக்குப் புருஷன் உண்டு, மாமியார் உண்டு, மூன்று கொழுந்தன்மார், ஓரகத்திகள், மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகள் உண்டு. மாமியார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "உக்காருடி, ஊரு சிரிக்குது," என்று பல்லைக் கடித்தாள். ஜெசிந்தா உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்து அங்கங்கே இன்னும் சிலர் எழுந்தார்கள்.

எழுந்து நின்ற அத்தனை பேரையும், கோயிலுக்கு வராத ஷகிலா பானுவையும் சேர்த்து, திருவிழாவுக்கு முந்தின நாள் கமிட்டி கோயில் ஹாலில் கூட்டியது. மாவு மூட்டை வந்தது, தயிர்ப்பானை வந்தது, வாடகை ஓவன்கள் வந்தன. ஊரில் உள்ள தனிமையையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் விருந்துக்கு வேண்டிய ஓட்டையெல்லாம் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று மிக்கேல்ராஜ் நினைத்தார். ஊரும் அப்படித்தான் நினைத்தது. சிரிக்காதீர்கள், அந்த ஊரில் இருந்திருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

முதல் தட்டு நன்றாக உதிர்ந்தது. இரண்டாம் தட்டுக்கு முன்னால் ரேஞ்சர், "உங்க தயிர் புளிப்பா இருக்கா?" என்று பக்கத்தில் கேட்டார். ஷகிலா பானு, "ஏன், காட்டுல யானைப் பால் கறந்து ஒற ஊத்துவீங்களோ?" என்றாள். யாரோ சிரித்தார்கள். அடுத்த தட்டு கொஞ்சம் தடித்தது. ஃபாதர் மாவில் உப்புப் போட மறந்ததற்கு எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கடுத்த தட்டை மேசைமேல் வைத்தபோது டொக்கென்று சத்தம் கேட்டது. மிக்கேல்ராஜ் ஓடிவந்து, பேசக்கூடாது என்றார். பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு நடுவே மறைப்புக் கட்டினார். மறைப்புக்கு அந்தப்பக்கம் ரேஞ்சர் தும்மினால் இந்தப்பக்கமிருந்து நாலு பேர், நூறு வயசு என்றார்கள். சாயங்காலத்துக்குள் ஹால் முழுக்கப் பலகை. அதை அடுக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பலகைகளுக்கு நடுவே ஒரே ஒரு தட்டு மட்டும் உதிர்ந்தது. சலேத்தம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கும் முதுகு காட்டி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தேய்த்த தட்டு.

"நீங்க ஒருத்தர்தாம்மா உறுதியா இருக்கீங்க," என்று மிக்கேல்ராஜ் கைகூப்பினார். "ஊருக்கு இல்லாட்டி போகுது. ஆயருக்கு ஒரு பை போதும். நாளைக்குக் காலையில வீட்டுலயே போடுங்க. உங்க வீட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கா வராம நான் பாத்துக்குறேன்."

சலேத்தம்மாள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். பின்னால் ஹாலில் யாரோ கல் ஓட்டால் மேசையில் தாளம் போட்டார்கள்.

திருவிழாக் காலையில் மூட்டம் வாசற்படிவரை வந்திருந்தது. பாதையில் காவல் நின்ற கமிட்டி ஆள் ஒருவனைத் தவிர எல்லோரும் கோயிலில். சலேத்தம்மாள் மாவைப் பிசைந்து மூடிவிட்டு நிமிர்ந்தபோது கேட்டுக்கு வெளியே ஜெசிந்தா நின்றாள். புதுச்சேலை கட்டியிருந்தாள், கண் வீங்கியிருந்தது.

"யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே," என்றாள் சலேத்தம்மாள், மாவுக் கையோடு.

"தெரியும்க்கா. மூட்டத்துல காவக்காரன் கண்ணுல படாம வந்தேன். நான் உள்ள வரல. இங்கனயே நிக்கிறேன்."

"எதுக்கு?"

"வீட்டுல ராத்திரியெல்லாம் ஒரே பேச்சு. இத்தன பேரு இருக்குற வீட்டுல ஒனக்கு என்னடி தனிமை, கொழுப்புதானன்னு அத்தை கேக்குறாங்க. அங்க நான் பிள்ளைகளுக்கு அம்மா, கொழுந்தனுக்கு அண்ணி, அவருக்கு ஏய். யாராச்சும் ஜெசிந்தான்னு கூப்பிட்டா வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நான் பாட்டுக்குப் போயிருவேன். நேத்து ஹால்லதான் அந்த ரேஞ்சர் ஐயா, ஜெசிந்தாம்மா அந்தக் கரண்டிய எடுங்கன்னாரு. அப்படியே நின்னுட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து ஒங்க ஓடு மட்டும் உதிந்துச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க. எனக்குத் தட்டத் தோணல. அதான் வந்தேன்."

சலேத்தம்மாளுக்குப் பின்னால் அடுப்படியில் மாவு காத்திருந்தது. இந்தப் பெண்ணைப் போகச் சொல்லிவிட்டால் இன்றைக்கும் அவர் ஏறிவருவார். கேட்டுக்கு வரமாட்டார், கேட்டைத் திறக்கமாட்டார், உள்ளே வந்து உட்காரமாட்டார், ஆனால் ஏறிவருவார். அடுத்த ஞாயிறும் வருவார். அதற்கடுத்த ஞாயிறும் அந்தப் பாதையில் பாதிதூரத்திலேயே அவர் நடந்துகொண்டிருப்பார். எவ்வளவு காலமாக அந்த மனுஷனை வீடு சேரவிடாமல் நடக்க வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கேட்டின் கொக்கியை எடுத்தாள். துருப்பிடித்த கொக்கி, இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"வந்து பேசாம உக்காரு," என்றாள்.

ஜெசிந்தா பேசாமல்தான் உட்கார்ந்தாள். பேரிக்காயைத் தோல் சீவினாள். சலேத்தம்மாள் ஓட்டைத் தேய்த்தாள், மடித்தாள், தேய்த்தாள். ஓவன் சூடேறி, பட்டை வாசனை எழுந்து, ஜன்னல் கண்ணாடி வேர்த்த பிறகு, முதலில் வாயைத் திறந்தது சலேத்தம்மாள்தான். அருளப்பன் எப்படிக் கடிப்பார் என்று ஆரம்பித்தாள். கடைவாய்ப் பக்கம் ஒதுக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடிப்பார் என்றாள். ஓட்டை மேசை விளிம்பில் தட்டி உடைத்துவிட்டு, மேசைக்கு அடிபட்டுவிட்டதா என்று தடவிப் பார்ப்பார் என்றாள். ஜெசிந்தா சிரித்தாள். சிரிப்பு நின்றபோது சலேத்தம்மாள் அழுதுகொண்டிருந்தாள். முப்பதாம் நாளில்கூட அழாத அழுகை, மூக்கு ஒழுக, சத்தமாக. ஜெசிந்தா ஓவனை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பையை எடுத்துப் பார்த்தார்கள். நடுவில் கோடு கிழித்தாற்போல ஒரு பாதி எழும்பி, இலை இலையாக, தொட்டால் பறக்கிறதாக இருந்தது. மறுபாதி தட்டையாக, கருஞ்சிவப்பாக, கல்.

"பாழாப் போச்சேக்கா. என்னாலதான்," என்றாள் ஜெசிந்தா.

சலேத்தம்மாள் கத்தியை எடுத்தாள். உதிர்கிற பாதியின் மேல் கத்தியை வைத்து ஒரே ஒரு தடவை, காதைத் தாழ்த்திக் கேட்டிருக்கலாம். வைக்கவில்லை. கல் பாதியை ரம்பம் மாதிரி அறுத்துத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, உதிர்கிற பாதியை அப்படியே தட்டோடு வெள்ளைத் துணியால் மூடி, மூட்டத்துக்குள் காவல் நின்ற கமிட்டி ஆளைக் கைதட்டிக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

துணியை விலக்கிப் பார்த்த அவன் திகைத்தான். "பாதிதான் இருக்கு? மீதி?"

"அது எங்களுக்கு," என்றாள் சலேத்தம்மாள்.

அவன் தட்டோடு பாதையில் இறங்கினான். தூரம் போகப் போகச் சருகுச் சத்தம் குறைந்து, அப்புறம் இல்லை. கோயில் மணி அடித்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லாத இடம் ஒன்று, அருளப்பன் அளவுக்கு, அப்படியே இருந்தது. இருவரும் கல் ஓட்டை ஆளுக்கொரு துண்டாகக் கதவிடுக்கில் வைத்து, வாதாங்கொட்டை உடைக்கிற மாதிரி உடைத்துத் தின்றார்கள். தின்னத் தின்ன நேரம் போயிற்று, அவ்வளவு கெட்டி.

அப்போது கேட்டுக்கு வெளியே மூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் அதட்டியது: "ஏய்! அங்க என்ன பண்ணிட்டிருக்க? பிள்ளைங்க அழுவுதுங்க!"

ஜெசிந்தா பதறி எழுந்தாள். சலேத்தம்மாள் அவள் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டு, வாயில் இருந்ததை அவசரப்படாமல் மென்று விழுங்கி, மாவு காய்ந்த கையோடு வாசலுக்குப் போனாள்.

"ஏய்னு இங்க யாரும் இல்லீங்க," என்றாள். "ஜெசிந்தான்னு ஒருத்தி இருக்கா. சாப்பிட்டுட்டு இருக்கா. வேணும்னா உள்ள வந்து உக்காந்து காத்திருங்க."